சந்தனத்துக்குக் கீழே இருந்த வட்டம்

மருதனார்மடம்
19.08.2025

அன்புள்ள தம்பி அருட்செல்வனுக்கு, கதிரவேலு எழுதிக்கொள்வது.

தேர்த் திருவிழாவன்று நீர் ஓட்டின எங்கள் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் முன்சில்லு முறிந்தது உம்மால் அல்ல. என்ஜின் புகை உள்ளே வந்ததால். அந்தப் புகையைக் காட்டிக்கொடுக்க வேண்டிய வட்டத்தின் மேல் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பி, அதன் கண்ணைக் கட்டியவன் நான். இதை விசாரணைக்கு வந்தவர்களிடம் என் வாயால் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். மிச்சத்தை ஆறுதலாக வாசித்தாலும் பரவாயில்லை, இந்த நாலு வரியை மட்டும் முதலில் வாசித்துவிடும்.

கை எப்படி இருக்கிறது? பிளாஸ்டர் இன்னும் வெட்டவில்லை என்று உம்முடைய அம்மா சொன்னார். நீர்கொழும்பில் உம்முடைய தங்கச்சி மேர்சி நன்றாகப் பார்ப்பாள், அதில் எனக்குக் கவலை இல்லை. வீட்டில் என் மனுசி கனகாம்பிகை ஒவ்வொரு நாளும் உம்மைப் பற்றித்தான் கேட்கிறாள். பதில் இல்லாததால் நான் விடிய வெள்ளனவே கடைக்குப் போய்விடுகிறேன். நீர் போன் எடுக்கிறீர் இல்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்பின குரல்பதிவெல்லாம் திறக்கப்படாமலே கிடக்கின்றன. உம்முடைய இடத்தில் நான் இருந்தாலும் திறந்திருக்கமாட்டேன். ஆகவேதான் கடிதம். அம்மாவே பஸ்ஸில் கொண்டுவந்து உம்முடைய கையில் தருவார். பில் எழுதிப் பழகின கை, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

வானத்தில் கடைசியாக நடந்தது உமக்கு நினைவில் இல்லை என்று அறிந்தேன். 'நான் என்ன செய்தன் எண்டே தெரியேல்லை, இனி என்னை நம்பி ஒருத்தரும் ஏறக்கூடாது' என்று மேர்சியிடம் சொன்னீராம். மேலே இருந்தது இரண்டே பேர். ஒருவருக்கு நினைவில்லை. மற்றவன் நான். நான் சொல்லாவிட்டால் நீர் செய்தது செய்யாததாகவே போய்விடும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உமக்குத் தெரிந்ததும் இதில் வரும். எனக்கும் அது தெரியும் என்று உமக்குத் தெரியவேண்டும் அல்லவா.

பூச் சொரிய என்று நான் வாங்கின இந்தச் சின்ன விமானத்துக்குப் பூசை செய்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நான் புத்தூர் வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்து விற்றுத் தொடங்கியவன். முதல் தராசுக்குப் பொட்டு வைத்தேன், முதல் லொறிக்கு வைத்தேன், வாகன உதிரிப்பாகக் கடை திறந்தபோது இரும்பு அலுமாரிக்குக்கூட வைத்தேன். விமானத்துக்கு வைக்காமல் விடுவேனா? ஐயர் வெளியே நின்று காற்றாடிக்கு மாலை போட்டு, தீபம் காட்டி, தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் உள்ளே காலே வைக்கவில்லை. நான்தான் சந்தனக் கிண்ணத்தோடு ஏறினேன். மீற்றர்களில் வைத்தால் உமக்கு மறைக்கும் என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. மீற்றர்ப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. அதன் நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம், அளவெடுத்த மாதிரிப் பொட்டளவு. இதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சந்தனத்தைத் தடிப்பாக வைத்து அதன் மேல் குங்குமமும் இட்டேன்.

நீர் கதவடியில் நின்றீர். ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர், பிறகு மூடிக்கொண்டு 'நல்லது அண்ணை' என்றீர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பொடியன் எங்கள் பூசையை எவ்வளவு மதிக்கிறான் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வீட்டிலும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு நீர் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றி வளைத்து வேறு இரண்டு விஷயம் கேட்டீர். ஒன்று, புகை வந்தால் கத்துகிற பற்றரிக் கருவி ஒன்று வாங்கித் தரச்சொல்லி. மற்றது, என்ஜினின் புகைபோக்கியைக் கழற்றிப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் கூப்பிடச்சொல்லி. நான் என்ன சொன்னேன்? 'தம்பி, நான் இருபது வருசமாய் சைலன்சர் விக்கிறவன். சைலன்சர் வெடிச்சா சத்தம் போடும், ஆளைக் கொல்லாது' என்றேன். நீர் பொறுமையாக விளக்கினீர். இந்தச் சைலன்சரைச் சுற்றி ஒரு தகட்டுச் சட்டை இருக்கிறது, குளிருக்கு அந்தச் சூட்டைத்தான் உள்ளே அனுப்புவார்கள், சைலன்சரில் வெடிப்பு இருந்தால் சூட்டோடு காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயுவும் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை என்றீர். நான் சிரித்தேன். 'யாழ்ப்பாண வெயிலிலை எவன் ஹீற்றர் போடுறான்? உது கனடாக்காரற்றை வருத்தம்' என்றேன். பக்கத்துக் கடைக் கந்தப்புவும் கூடச் சேர்ந்து சிரித்தான். நீரும் மரியாதைக்குச் சிரித்தீர். திருவிழாக் காலம் முடியட்டும், ஆவணி கழிய எல்லாவற்றையும் பார்ப்போம் என்று பேச்சை முடித்துவிட்டேன். தேருக்குத் தேர் விமானத்தால் பூச் சொரியக் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். விமானத்தை ஒரு நாள் நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை, வேறு காரணம் தேடமாட்டேன்.

இனித் தேர் நாள். எங்கள் ஊர்க் கோயில் என்பதால் பூவை நானே சொரிய வேண்டும் என்று அடம்பிடித்து ஏறினேன். நான் விரதம். பின்னால் சாக்குச் சாக்காக மல்லிகை, செவ்வந்தி, றோசா இதழ். அந்த வாசத்துக்குள் என்ஜின் மணம் கொஞ்சம் வந்திருந்தாலும் எந்த மூக்குக்குத் தெரியப்போகிறது? கோயிலுக்கு மேலே நீர் மெதுவாக, தாழ்வாகச் சுற்றினீர். நான் ஜன்னலைத் திறந்து பிடித்துக்கொண்டு அள்ளி அள்ளிக் கொட்டினேன். காற்று வருகிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் இந்த விமானத்தில் அப்படி ஜன்னல் திறந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே இழுபட, அந்த இடத்தை நிரப்ப என்ஜின் பக்கத்து ஓட்டைகளால் புகைதான் வருமாம். பிறகுதான் சொன்னார்கள்.

இரண்டாம் சுற்றில் எனக்குத் தலையிடி தொடங்கியது. விரதக் களை என்று விட்டுவிட்டேன். அப்போது நீர் சொன்னீர், 'அண்ணை, எனக்குத் தலைக்குள்ள ஏதோ செய்யுது, இறங்குவம்.' தம்பி, இதை நான் எழுதாமல் விட்டால் வேறு எதை எழுதியும் பிரயோசனம் இல்லை. நான் சொன்னேன், 'தேர் இன்னும் இருப்பிடத்துக்கு வரேல்லை, ஒரு சுத்துச் சுத்தும், சனம் பாத்துக்கொண்டு நிக்குது.' நீர் சுற்றினீர். சம்பளம் தருகிறவன் சொன்னான் என்று சுற்றினீர். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கீழே சனம் இரண்டு கையையும் தூக்கி 'அரோகரா' என்றது. விமானம் சுவாமியைக் கும்பிடுகிறது என்று நினைத்தார்களாம்.

இனி எழுதுவதுதான் உமக்கு நினைவில்லாத பகுதி. கவனமாக வாசியும்.

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். உமது உதடு சிவந்திருந்தது, பேச்சுக் குழறியது. 'புகை' என்றீர். பிறகு ஒரு பிடியைத் தேடினீர். ஒருமுறை கை தவறியது, மறுமுறை பிடித்து அமத்தினீர். அது ஹீற்றரை அடைக்கிற பிடி என்று என்ஜினியர் எனக்குக் காட்டினார். முன்னாலே இருந்த காற்றுக் குழாய் இரண்டையும் திருகித் திறந்து, ஒன்றை என் முகத்துப் பக்கம் திருப்பினீர். உம்முடைய முகத்துக்கு முன்பு என் முகத்துக்கு. 'ஜன்னலைப் பூட்டுங்கோ, பூ வேண்டாம்' என்று கத்தினீர். நான் மிச்சப் பூவைக் காலால் தள்ளிவிட்டுப் பூட்டினேன். பலாலி விமான நிலையத்தோடு றேடியோவில் கதைத்தீர். நாக்குத் தடுமாறினபடியால் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னீர். தேர் வீதியையும் சனத்தையும் விட்டு விலக்கி, தோட்டவெளிப் பக்கமாகத்தான் வளைத்துக்கொண்டு போனீர். சில்லு நிலத்தில் முட்டும்வரை உம்முடைய கண் மூடவில்லை. முட்டின பிறகுதான் தலை சரிந்தது. ஓடுபாதையை விட்டு விலகினது அதற்குப் பிறகு. இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்னை விமானத்துக்குள் வைத்துக் கொல்லாமல் கொண்டுவந்து இறக்கினவர் நீர். விசாரணையிலும் இதே சொற்களைத்தான் சொன்னேன்.

ஆனால் முதல் நாள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் மூடியோடு கிடந்தபோது பொலிஸ்காரர் வந்து கேட்டார், விமானி எப்படி இருந்தார் என்று. 'பேச்சுக் குழறினது' என்றேன். அவ்வளவுதான். பொய் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு பின்னேரத்துக்குள் யூரியூப்பில் ஒருவன் 'குருநகர் விமானி குடிவெறியில்' என்று போட்டுவிட்டான். உம்முடைய இரத்தத்தில் மதுவின் வாடையே இல்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஊர் டொக்டரின் துண்டை வாசிக்கிறதில்லை. கடலுக்குப் போகிற குடும்பத்துப் பொடியன் என்றால் குடித்திருப்பான், அதற்கு மேல் ஒருவனுக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. நானும் கட்டிலில் படுத்தபடி அந்த வீடியோவைப் பார்த்தேன். போனை எடுத்து அவனுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் எல்லாம் பிறகுதான்.

கொழும்பிலிருந்து வந்த என்ஜினியர் புகைபோக்கியின் தகட்டுச் சட்டையைக் கழற்றினார். மூட்டடியில் தலைமயிர் தடிப்பில் ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரி. ஹீற்றர் மூடி சரியாகப் பொருந்தாததால், ஹீற்றர் போடாமலே புகை உள்ளே வந்திருக்கிறது. வயர் போகிற ஓட்டைகளில் இருந்த றப்பர் காய்ந்து விழுந்திருந்தது. பிறகு உள்ளே ஏறி அந்த அட்டையைப் பார்த்தார். 'இது என்ன?' என்று என்னைக் கேட்டார். பொட்டு என்றேன். அவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். புகை பட்டால் கறுக்கவேண்டிய வட்டம் கீழே அதே செம்மஞ்சளாய், புதுசாய் இருந்தது. காற்றுப் பட்டால்தானே அது கறுக்கும். அந்த மனிதர் என்னை ஏசவில்லை. படம் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்கு இரண்டாம் நாள் உம்முடைய அம்மா லூர்த்தம்மா கடைக்கு வந்தார். சந்தையில் மீன் விற்கிறவர் மீன் கூடை இல்லாமல் வந்தபடியால் கந்தப்புவுக்கே விளங்கிவிட்டது, எழும்பி உள்ளே போய்விட்டான். நான் கதிரையைப் போட்டேன். அவர் அதில் உட்காரவில்லை.

'முதலாளி, ஒண்டு கேப்பன், வியாபாரக் கதை வேண்டாம்' என்றார். 'என்ரை பிள்ளை அண்டைக்கு உங்கடை பொட்டைத் துடைச்சிருந்தால் நீங்கள் என்ன நினைச்சிருப்பியள்?'

நான் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதை அளந்தவன். அவரிடம் அளக்கவில்லை. 'வேதக்காரப் பொடியன் எங்கடை சாமியை அவமதிச்சிட்டான் எண்டு நினைச்சிருப்பன்' என்றேன்.

'அதுதான் அவன் துடைக்கேல்லை' என்றார். பிறகு றோட்டைப் பார்த்தபடி சொன்னார், 'அண்டைக்குப் பின்னேரம் வந்து எனக்குச் சொன்னவன். அம்மா, புகை காட்டுற வட்டத்துக்கு மேல வைச்சிட்டார், என்ன செய்யிறது எண்டு. நான்தான் சொன்னனான், விடடா, சாமி காரியம், பெரிய மனிசற்றை மனம் நோகும் எண்டு. உங்களை மட்டும் ஏச வரேல்லை முதலாளி. என்னையும் சேத்துத்தான் ஏச வந்தனான்.'

இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். 'நீங்கள் எழுதினால்தான் அவன் நம்புவான், நான் சொன்னா அம்மா சும்மா பழியை இழுத்துப் போடுறா எண்டு நினைப்பான்' என்றார். உம்மிடம் மன்னிப்பும் கேட்கட்டுமா என்று அவரைக் கேட்டேன். 'அது உங்கடை விருப்பம், எனக்கு வேண்டியது வேறை' என்று பேரம் பேசத் தொடங்கினார். தம்பி, நான் கொழும்பு நாலாம் குறுக்குத்தெரு மொத்தக் கடைகளில் பேரம் பேசினவன். உம்முடைய அம்மாவிடம் ஒரு இடத்திலும் என்னால் குறைக்க முடியவில்லை.

முதல் நிபந்தனை, வெறி என்று சொன்னவன் எவ்வளவு சத்தமாகச் சொன்னானோ அவ்வளவு சத்தமாக உண்மையும் வரவேண்டும் என்பது. நான் அந்த யூரியூப்காரனைத் தேடிப்பிடித்து, வெள்ளிக்கிழமை சந்தைச் சனத்துக்கு நடுவில் நிறுத்தி, கமெராவைப் பார்த்துச் சொன்னேன். மரக்கறிக்காரர், மீன்காரர், கோயிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கந்தப்பு சும்மா இருப்பானா? 'டேய் கதிரவேலு, லொறிக்கு வைச்ச மாதிரி ஏரோப்பிளேனுக்கும் வைச்சிட்டியே, காத்துப் போற வாயிலையோ பொட்டு வைக்கிறது?' என்றான். சனம் சிரித்தது. நானும் ஓமடா என்றேன். சிரித்த சிரிப்பு என்னை நோக்கி வந்தது, உம்மை நோக்கி அல்ல. அது எனக்குப் போதும். ஒரு மனுசி மட்டும் சிரிக்காமல், அந்தப் பொடியனுக்கு இப்ப எப்படி என்று கேட்டாள். அந்த வீடியோவை மேர்சியின் போனில் பாரும்.

உம்முடைய உரிமப் பத்திரத்தைப் பற்றி: என் வாக்குமூலமும் டொக்டரின் அறிக்கையும் என்ஜினியரின் படங்களும் போய்விட்டன. தீர்ப்பு என் கையில் இல்லை. நல்லதாக வரும் என்று நான் உமக்கு வாக்குத் தரவும் மாட்டேன். இவ்வளவு காலமும் என் வாக்குகளை நம்பிக் கெட்டது போதும். தலையிடி, மறதி இன்னும் இருந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லும். இந்தப் புகையின் வினை சிலருக்குப் பிந்தியும் வருமாம். அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வாறேன் என்று மட்டும் சொல்லிப்போடாதேயும்.

எனக்காக ஒன்று கேட்கலாமென்றால், வேலைக்கு வரச்சொல்லிக் கேட்கமாட்டேன். ஒருநாள் போனை எடுத்து, பொட்டு வைத்தபோது வாயில் வந்து நின்றதை இப்போது சொல்லும். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. உம்முடைய மாதாவும் என்னுடைய ஆஞ்சநேயரும் சேர்ந்து உம்முடைய மூச்சைக் காக்கட்டும். மனுசராய் நாங்கள் காக்கவேண்டிய மிச்சத்தைத்தான் அம்மாவோடு பேசி முடித்திருக்கிறேன்.

பேசி முடித்தது இது. புகைபோக்கியை என்ஜினியர் சொல்கிற தவணைக்குத் தவணை கழற்றிப் பார்ப்பது, தேரோ கலியாணமோ காத்திருக்கட்டும். கத்துகிற கருவி ஒன்று பலகையில், இன்னொன்று விமானியின் பையில். பற்றரி செத்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. என்ஜின் பக்கத்து ஓட்டை ஒவ்வொன்றுக்கும் புது றப்பர். ஜன்னல் திறந்து பூச் சொரிவது இனி இல்லை. பூசை வெளியே, காற்றாடிக்கும் சில்லுக்கும் மட்டும். உள்ளே எதைத் துடைப்பதற்கும் விமானி என்னைக் கேட்கத் தேவையில்லை. திருத்தி முடிந்ததும் முதற் பறப்பில் பின் இருக்கையில் லூர்த்தம்மாவும் நானும். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டின பிறகு அவர் கடைசியாக ஒன்றைச் சேர்த்தார். நீர் திரும்பி வராவிட்டாலும், வேறு எவர் வந்து ஓட்டினாலும், இதில் ஒன்றும் குறையக்கூடாதாம். 'அதிலையும் ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளைதானே இருக்கப்போகுது' என்றார். நான் ஓம் என்றேன்.

இப்படிக்கு,
உம்மால் உயிரோடு இறங்கின
கதிரவேலு